படியைப் பூசும் முன் தட்டிப் பாருங்கள்

(‘பழைய வீட்டுப் படிகள்: பூசுவதா, இடிப்பதா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துமேடையில், அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வழக்கமாக நான் அந்தப் பக்கம் நின்று ‘உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம்’ என்று மணி அடிக்கிறவள். இன்று எனக்கே மணி அடிக்கப் போகிறார்கள். தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவளுக்குச் சிமெண்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான்கு படிகளைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும். அவை கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த படிகள். அவற்றைப் பற்றித் தெரிந்து கொள்ள எங்கள் குடும்பம் கொடுத்த விலை, என் அம்மாவின் வலது மணிக்கட்டு.

முதலில் பேசிய நண்பர், ‘பழைய படியை இடிக்காதீர்கள், பூசினால் போதும், அது நம் பெற்றோரின் உழைப்பு’ என்றார். கை தட்டினீர்கள். அடுத்து வந்த சகோதரி, ‘இடித்துத் தள்ளுங்கள், புதிதாகக் கட்டி டைல்ஸ் போடுங்கள்’ என்றார். அதற்கும் தட்டினீர்கள். இரண்டு பேருமே படி ஏன் கெட்டது என்று கேட்கவில்லை. காய்ச்சல் வந்தவனுக்குப் போர்வையா, ஊசியா என்று வாதாடிக் கொண்டிருக்கிறோம். என்ன காய்ச்சல் என்று யாரும் பார்க்கவில்லை.

எங்கள் வீடு 1970களின் கடைசியில் கட்டிய தாமான் வீடு. தாழ்வான நிலம் என்பதால் தரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த என் அப்பா, பழைய செங்கல் படியை எடுத்துவிட்டு 1993ஆம் ஆண்டில் தன் கையாலேயே காங்கிரீட் படி கட்டினார். எனக்கு அப்போது ஆறு வயது. மைலோ டின்னில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவதுதான் என் வேலை. கலவை இறுகினால், “இன்னும் கொஞ்சம் ஊத்து பாப்பா” என்பார். ஊற்றுவேன். மேலே சிவப்புச் சிமெண்ட் பூசி, கண்ணாடி போலத் தேய்த்து விட்டார். தீபாவளி வந்தால் அம்மா அதற்குச் சிவப்பு மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார். எங்கள் வரிசையிலேயே அழகான வாசல் எங்களுடையதுதான்.

அப்பா 2011இல் காலமானார். படிகள் 2015 வாக்கில் முனை உதிர ஆரம்பித்தன. மூன்றாம் படியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வந்தது. அம்மா அதைக் காப்பிக் கறை என்று நினைத்துப் பல நாள் தேய்த்திருக்கிறார். 2019இல் ஒரு குத்தகையாளரை அழைத்தேன். அவர் பெயர் வேண்டாம். வந்தார், பார்த்தார், “சின்ன வேலைதான்” என்றார். உதிர்ந்த இடத்தில் சாந்து அடைத்து, மூன்று படிகளின் மேலும் டைல்ஸ் ஒட்டி, ஒரே நாளில் முடித்து 850 ரிங்கிட் வாங்கிக் கொண்டு போனார். பளபளவென்று இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

2022 டிசம்பரில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. அம்மா படியிறங்கிக் கேட்டருகே போகப் பார்த்தார். கடைசிப் படியிலிருந்து தரைக்குக் கால் வைத்தவர் அப்படியே முன்னால் விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. “வழுக்கினதாம்மா?” என்று கேட்டேன். “வழுக்கல பாப்பா. தரை இருக்க வேண்டிய எடத்துல தரை இல்ல” என்றார். வலியில் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அம்மா சொன்னது சரி என்று பிறகு வந்த மேஸ்திரி அளவு நாடாவைப் பிடித்துக் காட்டினார். அறுபதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். அப்பா கட்டியபோது நான்கு ஏற்றமும் ஆளுக்கு ஏழு அங்குலம். முன்பு வந்தவர் மூன்று படிகளின் மேல் சாந்தும் டைல்ஸும் சேர்த்து ஒன்றரை அங்குலம் ஏற்றிவிட்டார். ஆனால், கீழே தரை ஏறவில்லை, மேலே வீட்டின் தளமும் ஏறவில்லை. ஆகவே முதல் படி எட்டரை அங்குலம் ஆகிவிட்டது. மேலேயுள்ள கடைசி ஏற்றம் ஐந்தரை ஆகிவிட்டது. நடுவில் உள்ள இரண்டும் அதே ஏழு.

நாம் படியிறங்கும்போது கண்ணால் பார்த்து இறங்குவதில்லை. முதல் இரண்டு படியில் கால் ஒரு கணக்கைப் போட்டுக் கொள்ளும், மற்றதை அந்தக் கணக்கிலேயே இறங்கும். அம்மாவின் கால் ஏழு அங்குலத்தில் தரையைத் தேடியது. தரை இன்னும் ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இது ஏதோ மேஸ்திரியின் சொந்தக் கருத்து என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைச் சட்டங்களில், 106ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்துக் கொண்ட அளவு எல்லாப் படிகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எட்டரை அங்குலம் என்றால் 216 மில்லிமீட்டர். அடுத்த பிரிவு கைப்பிடியைப் பற்றியது. நான்கு ஏற்றத்துக்குக் குறைவான படிகளுக்கு விலக்கு உண்டு. எங்களுடையது சரியாக நான்கு. கைப்பிடி இல்லை. அப்பா கட்டியபோதும் இல்லை, டைல்ஸ் ஒட்டியபோதும் இல்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே, பழைய படியின் மேல் ஒரு பூச்சோ டைல்ஸோ ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “கீழ்ப்படியும் மேல்தளமும் என்ன ஆகும்?” பதில் சொல்லத் தெரியாதவர் கையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

துரு எங்கிருந்து வந்தது?

மேஸ்திரி டைல்ஸைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக் கொண்டே போனார். சில இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியான ஓசை. மூன்றாம் படியில் ‘டொப் டொப்’ என்று காலிப் பானை ஓசை. “உள்ள விட்டுப் போச்சும்மா” என்றார். டைல்ஸைப் பெயர்த்தோம். 2019இல் அடைத்த சாந்து தோசை போல முழுதாக எழுந்து வந்தது. அடியில் கம்பி. கம்பி என்றா சொல்வது, அடுக்கு அடுக்காக உரியும் பழுப்பு நிற வெங்காயம். அம்மா தேய்த்த காப்பிக் கறை அதுதான்.

இரும்பு கொஞ்சம் துருப்பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விஷயம் சுவாரசியமானது. சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கும் வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்பு ஒன்று இருக்கும், துரு அண்டாது. ஆனால், காற்றிலுள்ள கரியமில வாயு வருடக் கணக்கில் காங்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொட்டுவிட்டால் காப்பு போய்விடும். பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்பு இந்த வேலையை இன்னும் சீக்கிரம் செய்துவிடும்.

துரு பிடித்த இரும்பு இளைத்துப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால், உண்டாகும் துரு, போன இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். சில வகைத் துரு ஆறு மடங்கு வரையிலும் போகும். காங்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கும் பலம் அதிகம், ஆனால் உள்ளிருந்து பிளக்கும் விசையைத் தாங்கத் தெரியாது. அதனால்தான் அதற்குள் கம்பியையே போடுகிறோம். 1867இல் பாரிஸில் இதற்கு உரிமம் வாங்கிய ஜோசப் மோனியே என்பவர் ஒரு தோட்டக்காரர். சிமெண்ட் பூத்தொட்டி உடையாமல் இருக்க உள்ளே இரும்பு வலை வைத்தார். பூத்தொட்டிக்கு வந்த யோசனைதான் இன்று நம் வாசல் வரை வந்திருக்கிறது. உதவிக்கு வைத்த அந்த இரும்பே ஊதிப் பெருத்தால் படியை உள்ளிருந்து வெடிக்க வைக்கிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் துரு நிற்காது, பூச்சைத் தள்ளிவிட்டு வெளியே வரும். எங்கள் 850 ரிங்கிட் அப்படித்தான் போனது.

எங்கள் படிக்கு அது ஏன் சீக்கிரம் வந்தது? மேஸ்திரி மூன்று காரணம் காட்டினார். கம்பியின் மேல் காங்கிரீட் அரை அங்குலம்கூட இல்லை. வெயிலும் மழையும் படும் இடத்தில் 40 மில்லிமீட்டராவது வேண்டுமாம். இரண்டாவது, கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் நேராகப் படியின் ஓரத்தில் வந்து கொட்டியது. வருடம் முழுவதும் மழை பெய்யும் ஊரில் அந்த இடம் காயவே இல்லை. மண்ணும் கரைந்து படி முன்பக்கம் சாய்ந்துவிட்டது. வீட்டுச் சுவருக்கும் படிக்கும் நடுவே சுண்டுவிரல் போகும் அளவு இடைவெளி. அதில் தண்ணீர் இறங்கியது, கறையானும் ஏறியிருந்தது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது அவர் ஆணியால் காங்கிரீட்டைக் கீறினார். மாவு போல உதிர்ந்தது. “கலவையில தண்ணி கூடிப்போச்சும்மா. யாரோ ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க” என்றார். சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையான தண்ணீர் கொஞ்சம்தான். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டரை ஒட்டி நிறுத்திக் கொள்வது நல்லது. அதற்கு மேல் ஊற்றுவது கலக்கச் சுலபமாக இருக்கும், ஆனால் அந்த உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகி, போன இடமெல்லாம் நுண்ணிய துளையாக நின்றுவிடும். அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்றும் ஈரமும் கம்பிக்குப் போகின்றன.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கண் முன்னால் மைலோ டின் வந்து நின்றது.

எதைப் பூசலாம், எதை இடிக்க வேண்டும்?

முதலில் பேசிய நண்பருக்கு இப்போது பாதி வெற்றி கொடுக்கிறேன். எல்லாப் படியையும் இடிக்க வேண்டியதில்லை. ஈப்போவில் என் பெரியம்மா வீட்டில் கேஸ் சிலிண்டரை உருட்டி உருட்டி இரண்டு படிகளின் முனை உடைந்திருந்தது. தட்டிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் கெட்டி. சாயவில்லை, பழுப்புக் கறை இல்லை, சுவரோடு இடைவெளி இல்லை. அதைப் போய் இடிப்பது வீண் செலவு. அதற்குச் சரியான ஒட்டுவேலை போதும். அந்த ஒட்டுவேலையை எப்படிச் செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

உடைந்த இடத்தை உளியால் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். ஓரம் காகிதம் போல் மெலிந்து முடிந்தால், அந்த மெலிந்த ஓரம்தான் முதலில் பெயரும். தூசியைக் கழுவி, பழைய காங்கிரீட்டைத் தண்ணீர் குடிக்க விட வேண்டும். காய்ந்த பழைய காங்கிரீட் புதுச் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு அது பிடிக்காது. ஆனால் மேலே தண்ணீர் தேங்கியும் நிற்கக் கூடாது. ஒட்டுக் கரைசலைத் தடவி, அது காய்வதற்குள் சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் பாலிமர் கலந்த ஒட்டுவேலைச் சாந்து பையில் கிடைக்கிறது, சாதாரணச் சாந்தைவிட அது நன்றாகப் பிடிக்கும். பெரியம்மா வீட்டில் அப்படித்தான் செய்தோம். அந்த முனை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி துருப்பிடித்திருந்தால் அதையும் காப்பாற்றலாம். கம்பியின் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசுவதில் பயனில்லை. கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் போகும் அளவுக்குக் காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பிப் பிரஷால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகே சாந்து. கம்பி நன்றாக இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அதையும் நிறுத்த வேண்டும். இவ்வளவும் செய்யத் தயாராக இல்லாதவர் பூசாமல் இருப்பதே மேல். கறையாவது வெளியே தெரியும்.

எங்கள் வீட்டில் சாய்வு, இடைவெளி, பல இடங்களில் துரு, ஆணிக்கு உதிரும் காங்கிரீட், உயர வித்தியாசம் எல்லாமே இருந்தன. இடிப்பதைத் தவிர வழியில்லை. அதை அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கையில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்து, “உங்கப்பா கட்டினது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கட்டடக் கலையில் இதற்குப் பதில் கிடையாது. நான் மைலோ டின் கதையைச் சொன்னேன். “அப்பாவும் நானும் சேர்ந்து கட்டினதும்மா. தண்ணிய நான்தான் ஊத்தினேன்” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, ஒடச்சிரு. ஆனா செவப்பு வேணும்” என்றார்.

2023 மார்ச்சில் இடித்தோம். இடிக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், மூக்குக்கு நல்ல கவசம் வேண்டும். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மேஸ்திரியின் பையன் வெறுங்கையால் ஆரம்பித்தான், நான் கத்தியதில் கையுறை போட்டான். தொலைக்காட்சிக் குரல் அதற்காவது பயன்பட்டது.

இளகிய மண்ணை எல்லாம் எடுத்துவிட்டுக் கெட்டியான மண் வரை தோண்டிக் கல் போட்டு இடித்து இறுக்கினார்கள். மழைநீர்க் குழாயை நீட்டி லோங்காங்கில் விட்டோம். கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் செங்கல் துண்டு வைக்காமல், சிமெண்டில் செய்த சிறு கட்டைகளை வைத்தார்கள். நான்கு ஏற்றமும் ஏழு அங்குலம், கால் வைக்கும் அகலம் பதினொன்று. தண்ணீர் நிற்காமல் ஓட, ஒவ்வொரு படியும் முன்பக்கம் ஐந்தாறு மில்லிமீட்டர் சரிவு. சுவருக்கும் படிக்கும் நடுவே சிமெண்ட் அடைக்கவில்லை. வீடு ஒரு அடித்தளத்தில் நிற்கிறது, படி வேறு மண்ணில் நிற்கிறது, இரண்டும் ஒரே மாதிரி அசையாது. அங்கே இழுபடும் ரப்பர் போன்ற அடைப்பு வைத்தார்கள்.

தண்ணீரை மேஸ்திரி அளந்தே ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தோடு இருந்தால்தான் இறுகும். வெயிலில் விட்டால் மேல்பக்கம் மாவாகிவிடும். முழுப் பலத்தைக் கணக்கிட 28 நாள் என்பார்கள். அந்த ஒரு வாரமும் அம்மா பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தார். பக்கத்து வீட்டு ஆண்ட்டி, “ஒரு நாள் வேலைக்கு ஒரு வாரமா?” என்று கேட்டார். கைப்பிடி உட்பட 3,600 ரிங்கிட் ஆனது. முன்பு வீணாய்ப் போன 850ஐயும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

அந்த 850ஐத் திரும்பக் கேட்டிருக்கலாமே என்று இங்கே முன்வரிசையில் ஒருவர் சைகை காட்டுகிறார். கேட்டிருக்கலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நமக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே போகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். நான் ரசீதே வாங்கவில்லை. நீங்கள் வாங்குங்கள். என்ன வேலை, என்ன அளவு, எத்தனை மாதம் உத்தரவாதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். வேலைக்கு முன் படம் எடுத்து வையுங்கள். படியை உங்கள் எல்லைக்கு வெளியே லோங்காங்கின் மேல் நீட்டுவதாக இருந்தால், நகராண்மைக் கழகத்தைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். அம்மா கேட்ட சிவப்பு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். கால் படும் மேல்பக்கத்தைத் துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்திலேயே விட்டோம். மெழுகு அங்கே கூடவே கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கால் படாத முன்முகம் நான்குக்கும் சிவப்புச் சிமெண்ட். கடந்த தீபாவளிக்கு முதல் நாள் அம்மா ஒரு முக்காலியைக் கீழே போட்டு உட்கார்ந்து, அந்த நான்கு சிவப்பு முகங்களுக்கு மட்டும் மெழுகு தேய்த்துக் கொண்டிருந்தார். இடது கையால்தான். வலது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை.